சிறுவாச்சூர்ல நிக்கிற இத்தாலி வண்டி

அப்புறம் என்னடி ஆச்சு சரோசா? உன் மருமவன் வாங்குன புது வண்டி நடுரோட்டுல நின்னுபோச்சாமே? சட்டையெல்லாம் வேர்வையா தள்ளிக்கிட்டு வந்தானாம். பின்னாலயே உன் மவ ஹெல்மெட்ட இடுப்புல கொடத்தாட்டம் இடுக்கிக்கிட்டு நடந்தாளாம். எதுத்த வூட்டு மல்லிகா வந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. நான் சிரிக்கலடி. சத்தியமா சிரிக்கல. கொஞ்சமாத்தான் சிரிச்சேன்.

உக்காரு. அந்த முருங்கக்கீரைய இப்படி வையி. பேசிக்கிட்டே உருவுவோம்.

போன வாரம் என் நாத்தனா வளகாப்புல வளையலு பத்தாம போன கதையச் சொன்னேன்ல, அது பத்திரிகையில வந்துருச்சு. பேத்திதான் எழுதி அனுப்புனா, வந்ததும் படிச்சுக் காட்டுனா. நாத்தனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியிறாளாம். திரியட்டும். இந்த வாரம் அவ அண்ணன் கத. இன்னும் கொஞ்சம் தூக்கி வச்சுக்கட்டும்.

வண்டி நின்னுபோற சமாச்சாரத்த எனக்கு யாரும் சொல்ல வேணாம். பட்டுப்பொடவ கட்டி, தல நெறைய கனகாம்பரம் வச்சு, இன்னொருத்தி கழுத்துல ஏற வேண்டிய தாலிய இடுப்புச் சுருக்குப்பையில வச்சுக்கிட்டு, நடுரோட்டுல நின்னவ நானு.

அரியலூரு ரோடு. பேரளி தாண்டி. ரெண்டு பக்கமும் பருத்திக் காடு. ஐப்பசி ஈரத்துல கரிசல் மண்ணு செருப்புல அப்பிக்கிட்டு, ஒரு கால் ஒசரமும் ஒரு கால் பள்ளமுமா நிக்கிறேன். அங்க ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்துல பொண்ணு வூட்டுல என் கொழுந்தன் செல்வராசு மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கான். வெள்ளிக்கெழம. பத்தரைக்கு ராவுகாலம் பொறந்துரும். அதுக்குள்ள தாலி ஏறணும். தாலி என் இடுப்புல. எங்க வூட்டுக்காரரு கிக்கர் மேல ஏறி ஏறிக் குதிக்கிறாரு, செவுரு வைக்க மண்ணு மிதிக்கிறவராட்டம்.

"என்னங்க, பஸ்ஸு வருது. கை காட்டட்டுமா?"

"தாலிய பஸ்ஸுலயா கொண்டு போறது? என் தம்பி கல்யாணத்துக்கு என் வண்டியிலதான் தாலி போவும்."

"வண்டி போனாத்தானங்க தாலி போவும்."

மொறச்சாரு பாரு ஒரு மொற. அதுக்குள்ள பஸ்ஸு எங்க மேல சேத்த வாரி அடிச்சுட்டுப் போயிருச்சு. படியில தொங்குன ஒருத்தன், "அண்ணே, தண்ணி காட்டுங்கண்ணே, எந்திரிக்கும்!"னு கத்திக்கிட்டே போறான்.

இரு, இரு. அந்தச் சனியன் எப்படி எங்க வூட்டுக்கு வந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன்.

செவப்பு மாப்ள

அப்ப அரியலூரு பக்கம் சிமெண்ட்டு பேக்டரில மெஷின் மாட்ட வெளிநாட்டுலேந்து ஆளுங்க வருவாங்க. அதுல ஒரு வெள்ளக்காரரு, ஊருக்குத் திரும்பிப் போறப்ப அவரு வண்டிய தள்ளிவுடப் பாத்திருக்காரு. எங்க வூட்டுக்காரரு மில்லுக்கு பெல்ட்டு வாங்கப் போன மனுசன். பெல்ட்டு வாங்கல. வண்டியோட வந்து நிக்கிறாரு.

பாடாலூர்ல எங்க மாமனாரு வச்சுட்டுப் போன அரைவை மில்லு ஒண்ணு இருந்துச்சு. வூடு பெரம்பலூர்ல. தெனம் அங்கயும் இங்கயும் போவ ஒரு சைக்கிளு போதும், பஸ்ஸு போதும். இவருக்கு இத்தாலி வேணும். கட்டுத்தறியில நின்ன உழவு மாடு ரெண்டும் எங்க போச்சுன்னு நான் கேக்கல. கேக்காமயே தெரிஞ்சுது.

வண்டின்னா என்ன வண்டிங்கிற? செக்கச் செவேல்னு, மாப்ள மாதிரி மினுக்கிக்கிட்டு. பந்தயத்துக்கு ஓட்டுற வண்டியாம். பெரம்பலூர்ல யாரு கூடப் பந்தயம் வுடப்போறாரு? மாட்டுவண்டி கூடயா?

கைப்புடி ரெண்டும் முட்டிக்குக் கிட்டக்க கெடக்கும். அதப் புடிக்கணும்னா மனுசன் மடங்கணும். இவருக்கு அப்பவே தொப்ப. டேங்கு மேல தொப்பயப் படுக்க வச்சு, மொகத்த மட்டும் தூக்கிக்கிட்டு போவாரு. தண்ணியில ஆம போற மாதிரி. ஊரு சனமெல்லாம் சிரிக்கும். இவரு தன்னப் பாத்து சந்தோசப்படுறாங்கன்னு தலய ஆட்டிக்கிட்டே போவாரு.

பின்னால உக்கார எடம் கெடயாது. செஞ்சவனுக்குப் பொண்டாட்டி இல்ல போல. அப்புறம் எங்க தெரு ஆசாரி ஒரு பலகைய அறுத்து, ரெக்சின் சுத்தி, போல்ட்டு போட்டு முடுக்குனாரு. அதுல ஒருக்களிச்சு உக்காந்துதான் நான் போவேன். எறங்குனா ரெண்டு நாளைக்கு இடுப்பு என்னுதில்ல.

எனக்கு ஒரு எழுத்து தெரியாதுடி. ஆனா காபரேட்டரு, பிளக்கு, பாயிண்ட்டு, கிளச்சு வயரு எல்லாம் தெரியும். வூட்டுல பேசுன பேச்சே அதான். சோறு போடும்போதும் காபரேட்டரு, படுக்கும்போதும் காபரேட்டரு.

ஒரு சாமான் ஒடஞ்சா நம்மூர்ல கெடைக்காது. திருச்சியில கெடைக்காது. மெட்ராஸ்ல கேட்டா, "எந்த ஊரு வண்டி?"ன்னு திரும்பிக் கேப்பான். கிளச்சு வயரு அறுந்துச்சா, புல்லட்டு வயர வாங்கி வெட்டி, நுனியில ஈயத்தக் காய்ச்சி ஊத்தி மாட்டுவாரு. எஞ்சினுக்கு பேக்கிங்கு போச்சா, காலண்டரு அட்டைய வெட்டிப் போடுவாரு. அந்த அட்டையில முருகரு இருந்தாரு. எங்க மாமியா பாத்துட்டு, "அடப்பாவி, சாமிய எஞ்சினுக்குள்ள வச்சு வேகவுடுறானே!"ன்னு மாரடிச்சு அழுதுச்சு.

பெட்ரோலோட காத்தும் போவணுமாம் எஞ்சினுக்கு. அதுக்கு நாயனத்து வாயி மாதிரி ஒரு பித்தள வாயி, பப்பரப்பான்னு தொறந்து கெடக்கும். இத்தாலியில புழுதி இல்லயோ என்னமோ. நம்ம ரோட்டுப் புழுதிய நாலு நாளு தின்னுட்டு வண்டி கக்கல் எடுத்துச்சு. அப்புறம் என் மெல்லிசு வாயில் பொடவ ஒண்ணக் கிழிச்சு அந்த வாயிக்குத் துணி கட்டுனாரு. நல்ல பொடவடி. ஊதாப்பூ போட்டது. இன்னிக்கும் வயிறு எரியுது.

உஸ்ஸுன்னு ஒரு மூச்சு

வந்த புதுசுல ஓடுச்சு. பொய் சொல்லக் கூடாது. பெரம்பலூர்லேந்து பாடாலூருக்குப் போறதும் வர்றதும் தெரியாது.

அப்புறம் எங்க மாமியாளுக்கு வண்டி மேல பக்தி வந்துச்சு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வண்டியக் கழுவி, சந்தனம் கொழச்சு, பொட்டு வச்சு, கற்பூரம் காட்டணும். சரி, எல்லாரும் பண்றதுதான். லைட்டுல ஒரு பொட்டு வச்சா போவுதா? போவாது. மாமியா யோசிக்கிற ஆளு.

"இந்த லைட்டு கண்ணுடி. கண்ணுலயா பொட்டு வைப்பாங்க? கண்ணுக்கு மேல என்ன இருக்கு? நெத்தி." அப்படின்னு டேங்கு மேல இருக்கற பெட்ரோலு மூடியக் காட்டுச்சு. வட்டமா, வெள்ளிக் காசாட்டம் பளபளன்னு, ஒரு தாப்பா வச்ச மூடி. "இதான் நெத்தி."

அந்த நெத்தியில கட்டவெரல வச்சு ஒரு அமுக்கு. சந்தனம். அதுக்கு மேல குங்குமம். அடுத்த வெள்ளி, பழசத் தொடைக்கக் கூடாதாம், சாமிக்கு வச்சதாம். அதுக்கு மேலயே இன்னொரு அப்பு. மூடி நடுவுல மேடு தட்டிப்போச்சு, எறும்புப் புத்தாட்டம்.

அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது கூத்து. வூட்டுலேந்து கெளம்பும். ஜம்முன்னு போவும். சிறுவாச்சூர் வந்ததும் இருமும். ரெண்டு இருமல். நின்னுரும்.

ஒதைச்சாலும் வராது. பிளக்கக் கழட்டி ஊதுவாரு, வராது. அங்க காளியாத்தா கோயிலு இருக்கற தெசையப் பாத்துக் கும்புட்டு, ரோட்டோரக் கடயில ஒரு டீயக் குடிச்சுட்டு வந்து ஒதைச்சா, டப்புன்னு எந்திரிச்சுக்கும்.

பாடாலூர்லேந்து திரும்பி வரும்போது பாரு, அப்பயும் சிறுவாச்சூர்லதான் நிக்கும். அந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே எடம், இந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே எடம். ரெண்டு பக்கமும் ஏறக்கொறைய ஒரே தூரந்தானேன்னு எவனுக்கும் தோணல.

பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால காதர் பாய்னு ஒரு மெக்கானிக்கு. லப்பைக்குடிக்காட்டுக்காரரு. அவரு டேங்கக் கழட்டுவாரு, ஓசு பைப்ப வாயில வச்சு உறிஞ்சுவாரு, காபரேட்டர அக்கு அக்கா பிரிச்சு மண்ணெண்ணெயில கழுவுவாரு. மாட்டி பஸ் ஸ்டாண்டச் சுத்தி ஒரு ரவுண்டு அடிச்சா, ராசா மாதிரி ஓடும்.

"தம்பி, அல்லா மேல ஆணையா சொல்றேன், இங்க நல்லாத்தான ஓடுது? வூட்டுக்குக் கொண்டு போயி நீங்க என்னதான் பண்றீங்க இத?"

"நான் ஒண்ணும் பண்ணலயே பாய்."

"அப்ப உங்க ரோட்டத்தான் ரிப்பேரு பாக்கணும்."

பெட்ரோலு பங்க்குல அந்த மூடியத் தொறந்தா, உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். சீறுற பாம்பாட்டம். பங்க்குக்காரன் பயந்து ஒரு எட்டு பின்னால போவான். இவருக்கு அதுல ஒரு பெரும. "பாத்தியா? சீம வண்டி. காத்து கூட உள்ள பூராது. அவ்ளோ டைட்டு!"

காத்து பூராத பெருமையத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. கேட்டுக்கடி.

ஆத்தா கேக்குறா

"வண்டில கோளாறு இல்ல. ஆத்தா நிறுத்துறா"ன்னு மாமியா தீர்ப்பு சொல்லிருச்சு. சிறுவாச்சூரு காளியாத்தா சாதாரணப்பட்டவளா? நானும் அவளக் கும்புடுறவதான். ஆனா அவளுக்கு இருக்கற வேலையில இந்தத் தொப்பயப் புடிச்சு நிறுத்துறதா வேல?

இவரு நம்பிட்டாரு. அங்க நடை தொறக்கறதே திங்களும் வெள்ளியும்தான். அந்த நாளுல வண்டி நின்னா உள்ள போயி குங்குமம் வாங்கியாந்து, அதையும் அந்த மூடி மேலயே அப்புவாரு. அதுக்குள்ள நேரமாயிருக்கும், வண்டி எந்திரிச்சுக்கும். "பாத்தியா, ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!" அப்ப அடுத்த தடவ எதுக்கு நிக்கிது? "இன்னும் என்னமோ கேக்குறா."

அந்த நேரத்துலதான் செல்வராசுக்கு ரெட்டிபாளையம் பக்கம் பொண்ணு அமைஞ்சுது. மாமனாரு இல்லாத வூடு. இவருதான் மூத்தவரு, தகப்பன் ஸ்தானம். மாமியாளுக்கு அன்னிக்கே ஞானம் வந்துருச்சு.

"இதத்தான்டா கேட்டிருக்கா! தாலிய அவ காலடியில வச்சு எடுத்தா போதும்டா பெரியவனே. முகூர்த்தத்தன்னிக்குக் காலயில வச்சு எடுத்து, நிறுத்துன அதே வண்டியில கொண்டாந்து உன் கையால மணவறயில வையி."

"மொத நாளே வச்சு எடுத்துட்டு வந்துடலாமே அத்த?"ன்னேன்.

"மொத நாளு வியாழக்கெழமடி கூறு கெட்டவளே. நடை ஏது?"

மத்தவங்கல்லாம் மொத நாளே வேனுல பொண்ணு வூட்டுக்குப் போயிட்டாங்க. சனம் போன வேனுல எனக்கும் எடம் இருந்துச்சு. ஆனா தாலிய ஆம்பள சட்டப் பையில போட்டா நழுவிரும்னு என்னயப் புடிச்சு அந்தப் பலகையில ஏத்திவுட்டாங்க.

செல்வராசு வேன்ல ஏறும்போது என் கிட்ட வந்து, "அண்ணி, அண்ணன நம்பல. உங்கள நம்பித்தான் போறேன்"னு மெதுவாச் சொன்னான். பாவம், மூஞ்சி சுண்டிப்போயி கெடந்துச்சு. ஏற்கெனவே ஒரு எடம் கூடி வந்து கலஞ்சவன்டி அவன். இதுவும் நேரம் தவறுச்சுன்னா, பொண்ணு வூட்டுப் பெருசுங்க சகுனம் சரியில்லன்னு எந்திரிச்சுருவாங்கன்னு அவனுக்குப் பயம்.

மைல்கல்லுக்குக் கற்பூரம்

காலயில நடை தொறந்ததும் தாலிய ஆத்தா காலடியில வச்சு எடுத்தோம். மஞ்சக் கயிறுல குங்குமம் பட்டு அம்புட்டு அழகா இருந்துச்சு. மனசு நெறஞ்சு வெளிய வந்தா, இவரு கல்யாண வண்டின்னு சொல்லி, ஒரு கை சந்தனத்த அள்ளி அந்த மூடி மேல பூசி மெழுகுறாரு. அடுப்பு மேடைக்கு மெழுகுற மாதிரி. கைப்புடியில ஒரு கதம்ப மால வேற.

"இனிமே ஆத்தா நிறுத்த மாட்டா. அவ கேட்டதக் குடுத்தாச்சு"ன்னாரு.

பெரம்பலூர்ல எறங்கி ஒரு டீயக் குடிச்சுட்டுத் தாண்டியாச்சு. நிக்கல. பேரளி வந்துச்சு, நிக்கல. இவரு திரும்பித் திரும்பி என்னயப் பாத்து இளிக்கிறாரு. "முன்னாடி பாத்து ஓட்டுங்க"ன்னு நான் சொல்லி வாய மூடல. இருமுச்சு. ரெண்டே இருமல்.

அப்பதான் நான் மொதல்ல சொன்ன பருத்திக் காடு. பஸ்ஸு சேத்த அடிச்சுட்டுப் போயிருச்சு.

இவருக்கு மூஞ்சி வெளிறிப்போச்சு. சிறுவாச்சூர்ல நின்னா ஆத்தா. இங்க நிறுத்துறது யாரு? சுத்திச் சுத்திப் பாக்குறாரு. கோயிலு இல்ல, குளம் இல்ல, ஒரு வேல் கூட இல்ல. ரோட்டோரத்துல ஒரு மைல்கல்லு. ஆயுத பூசைக்கு ரோட்டு வேலக்காரங்க அதுக்குப் பொட்டு வச்சிருந்தாங்க, பாதி கரஞ்சு கெடந்துச்சு.

நீ நம்ப மாட்ட. அந்தக் கல்லுக்கு முன்னாடி குந்தி, மடியிலேந்து கற்பூரத்த எடுத்து ஏத்துறாருடி!

"யாரா இருந்தாலும் சரி, தெரியாம வந்துட்டோம், வழிவுடுங்க சாமி!"

"அது அரியலூரு எம்புட்டு தூரம்னு சொல்ற கல்லுங்க. எனக்கே தெரியும். நீங்க பள்ளிக்கொடம் போன ஆளு!"

"வாய மூடு. உன் நாக்குதான் வண்டிய நிறுத்துது."

எனக்கு வந்துச்சு பாரு கோவம். வெயிலு ஏறிக்கிட்டே போவுது. அந்தப் புள்ள மணவறயில உக்காந்து வாசலப் பாத்துக்கிட்டு இருக்கும். இந்தாளு கல்லுக்குப் பூச பண்றாரு. நேரா வண்டிகிட்ட போனேன்.

"மொதல்ல பெட்ரோலு இருக்கா இல்லயா?"

"நேத்துதான் நெறய போட்டேன்."

"நான் பாக்குறேன்"னு தாப்பாவத் தூக்குனேன். வரல. உள்ளேந்து எவனோ புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. ரெண்டு கையால புடிச்சு ஒரு இழு. உஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம். வெளிய வர்ற காத்து இல்லடி. உள்ள போற காத்து. என் கைய வச்சுப் பாத்தேன், வெரலோரத்துக் காத்த உள்ள இழுக்குது. உள்ளயோ நெறய பெட்ரோலு, தளதளன்னு.

"இப்ப ஒதைங்க."

ஒதைச்சாரு. டப்புன்னு எந்திரிச்சுக்கிச்சு.

கல்லப் பாத்து ஒரு பெரிய கும்புடு போட்டாரு பாரு இவரு! நான் மூடிய மூடிட்டு ஏறுனேன். கொஞ்ச தூரம். மறுபடி இருமல். மறுபடி எறங்குனேன், மூடியத் தூக்குனேன், உஸ்ஸு. ஒதை. ஓடுது. மறுபடி மூடி, மறுபடி கொஞ்ச தூரத்துல இருமல்.

மூணாவது தடவ எனக்கு வூட்டு ரேசன் மண்ணெண்ண டின்னு ஞாபகம் வந்துருச்சு. ஒரு ஓட்ட போட்டுக் கவுத்தா, ரெண்டு மொடக்கு வரும், அப்புறம் அடைச்சுக்கும். எதுத்தாப்ல இன்னொரு ஓட்ட போட்டாத்தான் ஊத்தும். இது எந்தப் பொம்பளைக்குத் தெரியாது?

"என்னங்க, டின்னுக்கு ரெண்டாவது ஓட்ட இல்லாத கத இது. மூடியத் தொறந்தே வச்சுட்டுப் போவோம்."

"இத்தாலிக்காரன் என்ன உன் மண்ணெண்ண டின்னா செஞ்சு வச்சிருக்கான்? பந்தய வண்டிடி இது!"

"பந்தய வண்டிதான். இப்ப ராவுகாலத்தோட பந்தயம். ஓட்டுங்க."

அங்கயே நில்லுங்க!

தாப்பாவ நிமித்திவுட்டு, அது மூடிக்காம இருக்க பூமாலயோட நாரப் பிச்சுக் கட்டுனேன். பெட்ரோலு தளும்பாம இருக்க இவரு பட்டு அங்கவஸ்திரத்தச் சுருட்டி லேசா வாயில வச்சேன். நிக்கல. அரியலூரு வரைக்கும் ஒரு இருமல் இல்ல.

ஆனா குண்டு குழிக்கெல்லாம் பெட்ரோலு எகிறும். இவரு தொப்பதான் அதுக்கு நேரா இருக்கே. பட்டு வேட்டி, பட்டுச் சட்ட எல்லாம் நனஞ்சு ஒட்டிக்கிச்சு. அங்கவஸ்திரம் ஊறிப்போயி காத்துல என் மேல சாரல் அடிக்குது. ரெண்டு பேரும் குளிச்சாச்சு. ரெண்டு பேருக்கும் பெட்ரோலு வாசம்.

பொண்ணு வூட்டுப் பந்தலு தெரிஞ்சுது. நாயனம் நின்னுபோயி கெடக்கு. வாசல்ல சனம் கைய நெத்தியில வச்சு ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கிது. பொண்ணோட தாய்மாமன் கைக்கடியாரத்தையே மொறச்சுக்கிட்டு நிக்கிறாரு. மாமியா ஓடியாருது.

இவரு வண்டிய நிறுத்திட்டு, வேட்டியச் சரி பண்ணிக்கிட்டு, என் கிட்ட கைய நீட்டுனாரு. தாலிய எடுத்து அவரு கையில வச்சேன். ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, தகப்பன் ஸ்தானத்துல, மெதுவா மணவறயப் பாத்து நடந்தாரு. நடை பாக்கணுமே! மந்திரி நடை.

பாதி பந்தலு போயிருப்பாரு. ஓமத்துக்கு நெய்ய ஊத்திக்கிட்டு இருந்த அய்யரு மூக்கச் சுருக்குனாரு. நிமிந்து பாத்தாரு. அலறுனாரு பாரு!

"அங்கயே நில்லுங்க! ஒரு அடி எடுத்து வச்சீங்க, பந்தலோட போயிருவோம் எல்லாரும்! இங்க நெருப்பு எரியறது!"

சனம் ரெண்டா பிரிஞ்சு ஓடுது. ஒருத்தி குத்துவெளக்க ஊதி அணைக்கப் போறா, இன்னொருத்தி அணைக்காதடின்னு அவ கையப் புடிக்கிறா. இவரு நடுப்பந்தல்ல தாலிய ஏந்திக்கிட்டு மரமாட்டம் நிக்கிறாரு.

"யாராவது வாங்குங்கய்யா! நேரம் போவுது!"ன்னு தாய்மாமன் கத்துறாரு.

பொண்ணோட அத்தக்காரி ஒருத்தி தட்ட நீட்டுனா, தூர நின்னு, கைய மட்டும் நீட்டி. இவரு வச்சாரு. அவ ஓடிப்போயி மஞ்சத் தண்ணியில அத ஒரு முக்கு முக்கி, இன்னொருத்தி கிட்ட குடுத்து, அவ இன்னொருத்தி கிட்ட குடுத்து, கை மாறி மாறி மணவறைக்குப் போச்சு. எங்க ரெண்டு பேரையும் கொல்லையில மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்துல வேப்பமரத்தடியில நிறுத்திட்டாங்க. தீட்டுக்காரங்களாட்டம்.

அங்கேருந்து எட்டித்தான் பாத்தோம். கெட்டிமேளம் கேட்டுச்சு. செல்வராசு தல குனிஞ்சு முடிச்சுப் போடுறது தெரிஞ்சுது. ராவுகாலம் பொறக்கல. தாய்மாமன் அப்பதான் கடியாரத்த வுட்டுக் கண்ண எடுத்தாரு.

இவரு தொட்டித் திட்டுல உக்காந்துட்டாரு. கண்ணு ரெண்டும் செவந்து தண்ணி வழியிது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. பெட்ரோலு பட்டுருச்சு."

நானும் பெட்ரோலுன்னே வச்சுக்கிட்டேன்.

நிக்காம போன வண்டி

பந்தி முடிஞ்சு ஆம்பளைங்கல்லாம் வெத்தல போட்டுக்கிட்டு இருந்தப்ப, நான் அந்த வண்டிகிட்ட போனேன். கோவம் அடங்கல. அந்தச் சந்தன மேட்ட நகத்தால சொரண்டுனேன். சுண்ணாம்புச் செவுரு பேந்து விழற மாதிரி காரையா விழுந்துச்சு. அடியில பாத்தா, கடுகு போற அளவுக்கு ஒரு ஓட்ட! அவன் ரெண்டாவது ஓட்டைய ஒழுங்காத்தான் வச்சிருக்கான், இத்தாலிக்காரன். எங்க மாமியாதான் நெத்தின்னு நெனச்சு மூக்க அடச்சிருக்கு.

ஜாக்கெட்டு ஊக்கக் கழட்டிக் குத்துனேன். வாய வச்சு ஊதுனேன். மூடிய மூடி எவங்கிட்டயும் சொல்லல. சொன்னா கேட்டுருவாங்களா?

மறுவாரம் திங்கக்கெழம பாடாலூரு கெளம்புனாரு. நானும் பின்னால. சிறுவாச்சூரு வந்துச்சு. வண்டி இருமல. போச்சு, அது பாட்டுக்குப் போச்சு. சந்தோசப்படுவாருன்னு பாத்தா, மனுசன் பிரேக்க அழுத்தி தானே நிறுத்திட்டாரு.

"ஏ புள்ள, வண்டி நிக்கல!"

"நல்லதுதானங்க."

"என்னடி நல்லது? ஆத்தா நம்மள நிறுத்தலயே! கல்யாணத்தன்னிக்கு நேரமாக்கிட்டோம்னு கோவிச்சுக்கிட்டாளா?"

வூட்டுக்கு வந்து சொன்னாரு. அவ்ளோதான், மாமியா மூணு வேளையும் சோறு எறங்காம உக்காந்துருச்சு. நான் மண்ணெண்ண டின்ன எடுத்தாந்து நடுவூட்டுல கவுத்து, ஒரு ஓட்ட, ரெண்டு ஓட்டன்னு காட்டுனேன். தாயும் மவனும் என்னயப் பாக்குறாங்க, டின்னப் பாக்குறாங்க. "தரையெல்லாம் எண்ணெ ஆக்கிட்டா பாரு"ன்னுச்சு மாமியா. அவ்ளோதான் மருவாத.

அடுத்த வெள்ளி பழையபடி சந்தனம். ஆத்தாவ சமாதானம் பண்ண ரெண்டு மடங்கு. மாமியா அந்தப் பக்கம் திரும்புனதும் நான் ஊக்கால குத்திட்டு வந்துருவேன். அது வைக்கும், நான் குத்துவேன். அது கண்ண மூடுற வரைக்கும் இந்தப் பொழப்புதான்.

வண்டி இன்னும் அங்கதான் கெடக்கு, கொட்டாயில. வெள்ளிக்கெழமையானா இவரு வெளிய இழுத்து, தொடச்சு, அம்மா வச்ச எடம்னு சொல்லி அந்த மூடியில சந்தனம் வச்சு, ஒரு தடவ கெளப்பிக் கேப்பாரு. அந்த ஓட்டையப் பத்தி இந்த நிமிசம் வரைக்கும் ஒரு வார்த்த ஒத்துக்கிட்டதில்ல. "சீம வண்டிக்கு ஓட்ட எதுக்கு"ம்பாரு.

...கேக்குதா? இன்னிக்கு வெள்ளியாச்சே, அந்தா, கொட்டாயிலேந்து கூப்புடுறாரு.

"ஏ இவளே! ஒரு ஊக்கு இருந்தா கொண்டா! சட்டைக்கு பட்டன் அறுந்துபோச்சு!"

எட்டிப் பாரு சரோசா. நல்லாப் பாரு. மனுசன் மேலுக்கு சட்டையே போடல.

வரேன், வரேன்! கத்தாதீங்க! இந்தக் கீரைய மூடி வச்சுட்டுப் போடி, கோழி வந்துரும்.